சால்வையில் ஒரு ஓட்டை

அம்மா சட்டைக் கையில் கறை பட்ட ஓரத்தை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். மறுபடியும் மோந்தாள்.

"டீ இல்ல," என்றாள்.

"அம்மா, பன்னெண்டு மணிக்குள்ள துணியக் கொண்டுபோய்க் கொடுக்கணும்."

"மருந்தும் இல்ல. அன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்டாரு?"

"தெரியலம்மா."

"எண்ணெய் ஏதாவது பட்டுதா?"

"தெரியல."

"தண்ணி போட்டுத் தேச்சியா?"

"ஆம்புலன்ஸ்ல உக்காந்துகிட்டு நான் சட்டையைத் தேச்சுட்டா இருந்தேன்?" என்றாள் மகள். சொன்ன பிறகு குரல் கொஞ்சம் கூடிவிட்டதோ என்று இருந்தது. ஆனால் அம்மா காதில் வாங்கிக்கொள்ளவில்லை. சட்டைக் கையை விரல் நுனியில் கசக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா நேற்று முற்பகல் பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில் போய்விட்டார். ஒன்பது நாள் படுத்திருந்தார். பத்தாம் நாள் காலையில் தலையணையைச் சரிசெய்யச் சொன்னார், மகள் சரிசெய்தாள், அவ்வளவுதான். உடல் அங்கேயே குளிர் அறையில் இருக்கிறது. உடுத்தவேண்டிய துணியைப் பன்னிரண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும், மூன்று மணிக்கு வண்டி என்று ஆஸ்பத்திரி குமாஸ்தா சொல்லியிருந்தார். அலமாரியில் தேய்த்த சட்டை பதினேழு தொங்கின. அம்மாவுக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. அவர் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று போட்டிருந்த வெளிர் நீலச் சட்டைதான் வேண்டும் என்று காலை ஏழு மணியிலிருந்து அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

கறை விஷயத்தில் அம்மாவோடு யாரும் வாதாட முடியாது. கல்யாணத்துக்கு முன் பதினோரு வருடம் ஒரு சலவைக் கடையின் கவுண்டரில் நின்றவள். துணியை நீட்டுகிறவர் வாயைத் திறப்பதற்குள், "சாஸ், நேத்து ராத்திரி, துடைக்கறேன்னு இன்னும் பரப்பிட்டீங்க," என்று சொல்லிவிடுவாளாம். அந்தக் கடைக்கு நேர் மேலே, இரண்டாம் மாடியில் இருந்த ஆராய்ச்சிக்கூடத்தில்தான் அப்பா வேலை பார்த்தார்.

கம்ப்யூட்டர் ஒன்று அறையளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒருவர் தலைக்குள் இருக்கும் அனுபவத்தை "இப்படி இருந்தால் அப்படிச் செய்" என்று வரிவரியாக எழுதிக் கொடுத்தால், இயந்திரமும் அவரைப் போலவே யோசித்து முடிவு சொல்லும் என்று அந்தக் கூடத்தில் எல்லோரும் நம்பினார்கள். நிபுணர் அமைப்பு என்று அதற்குப் பெயர். அவனவன் ரத்த நோய், மண்ணுக்கடியில் கிடக்கும் தாது என்று பெரிய பெரிய நிபுணர்களைத் தேடிப் போனான். அப்பா ஒரு நாள் மாடிப்படி இறங்கி, சட்டைப் பையில் மை ஒழுகிய சட்டையோடு சலவைக் கடைக்குள் நுழைந்தார். வெளியே வரும்போது அவருக்கு நிபுணர் கிடைத்துவிட்டார்.

அதன் பிறகு ஏழு மாதம், வாரம் மூன்று நாள், கடை மூடுவதற்கு முந்திய ஒரு மணி நேரம். அப்பா கேள்வி கேட்பார், அம்மா பதில் சொல்வாள். "வெந்நீர் கூடாது" என்றால் "ஏன்?" என்பார். "ரத்தம் வெந்து நூலோட ஒட்டிக்கும்" என்றால் "பால்?" என்பார். அப்படி இருநூற்றுப் பன்னிரண்டு விதிகள். இத்தனை "ஏன்" கேட்ட மனிதனை இவள் எப்படிக் கட்டிக்கொண்டாள் என்று அம்மாவின் வீட்டில் கடைசிவரை ஆச்சரியப்பட்டார்கள்.

வாசல் மணி அடித்தது. மகள் போய்த் திறந்தாள். அடைப்புக்குறி மாமா நின்றுகொண்டிருந்தார்.

அப்பாவோடு அதே கூடத்தில் இருந்தவர். பக்கத்துக்கு முந்நூறு அடைப்புக்குறி போடுகிற ஒரு மொழியில்தான் நிரல் எழுதுவார். அப்பா, உண்மைகளை மட்டும் சொன்னால் இயந்திரமே விடையைத் தேடிக்கொள்ளும் தருக்க மொழியின் கட்சி. "உன் ப்ரோகிராமைக் கூட்டிப் பெருக்கினா அடைப்புக்குறி மட்டும்தான் மிஞ்சும்" என்று கேலி செய்து அப்பா வைத்த பெயர் அது. மாமா பதிலுக்கு "நீ மெஷினுக்கு வேலை சொல்றதில்ல, அதுகிட்ட கெஞ்சற" என்பார். நாற்பது வருடம் இந்தச் சண்டையிலேயே இருவரும் உயிர் பிழைத்திருந்தார்கள். இன்று மாமா வேட்டைநாயைத் தொலைத்துவிட்ட வேட்டைக்காரர்போல வெறுங்கையோடு வந்து சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அண்ணி," என்றார். அம்மா சட்டையோடு வந்து எதிரில் நின்றாள். "டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார்; ஆமாமா இல்லையா என்று தெரியாத தலையாட்டல். அப்பா இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டார்.

கொஞ்சம் கழித்து மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "மூணு மணிக்கு நாலு வார்த்தை பேசலாம்னு இருக்கேன். அந்தக் கறை ப்ரோகிராமை அச்சடிச்ச லிஸ்டிங் பரண்லதான இருக்கும்? அதக் கையில வெச்சுகிட்டு சால்வைக் கதையச் சொல்லலாம்னு பாக்கறேன். அவனே எத்தனை தடவை சொல்லிச் சிரிச்சிருக்கான்."

அம்மாவின் கை சட்டையில் நின்றது.

"அதெல்லாம் எதுக்கு இப்ப," என்றாள்.

"அது இல்லாம அவனப் பத்தி என்னத்தப் பேசறது அண்ணி?"

அம்மா சட்டையோடு பின்கட்டுக்குப் போய்விட்டாள். தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. மாமா மகளைப் பார்த்தார். "இருங்க மாமா," என்று சொல்லிவிட்டு அவள் பின்னாலேயே போனாள்.

சால்வைக் கதை வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆராய்ச்சிக்குத் தொடர்ந்து பணம் தருவதா வேண்டாமா என்று முடிவு செய்ய மேலிடத்திலிருந்து ஒரு குழு வந்தது. குழுத் தலைவியின் சால்வையில் ஒரு சொட்டு நகப்பூச்சு காய்ந்திருந்தது. "இதுக்கு என்ன சொல்லுது உங்க மெஷின்?" என்று அந்த அம்மையார் தாமே உட்கார்ந்து தட்டினார். என்ன கறை? நகப்பூச்சு. காய்ந்துவிட்டதா? ஆம். துணி அசிடேட் இழையா? அந்த அம்மையாருக்கு அது தெரியவில்லை. நேர்மையாக "தெரியாது" என்று அடித்தார். ஆனால் அப்பா எழுதிய மொழியின் பழக்கம் என்னவென்றால், எதை நிரூபிக்க முடியவில்லையோ அதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளும். அசிடேட் என்று நிரூபிக்க முடியவில்லை, ஆகவே அசிடேட் இல்லை. அசிடோன் போடு என்றது. போட்டார்கள். சால்வை அசிடேட்தான். எல்லோர் கண் முன்னாலும் சர்க்கரைபோலக் கரைந்து, ஒரு விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது.

ஆராய்ச்சியும் அந்த ஓட்டை வழியே போய்விட்டது. அடுத்த மாதமே மூடிவிட்டார்கள். அப்பா அதன் பிறகு முப்பது வருடம் நூலகங்களுக்குப் புத்தகப் பட்டியல் போடுகிற நிரல்களை எழுதினார். யார் கேட்டாலும், "தப்பு என்னோடது. தெரியாதுங்கறதுக்கும் இல்லங்கறதுக்கும் வித்தியாசம் தெரியாம ஒரு மெஷினை வளர்த்துட்டேன்," என்பார்.

அதற்குப் பரிகாரமாகத்தானோ என்னவோ, வீட்டில் அந்த வித்தியாசத்தைச் சட்டமாக்கிவிட்டார். "நாளைக்கு ஸ்கூல் உண்டா?" என்று கேட்டு மகள் "இல்ல" என்றால், "இல்லையா, தெரியலையா?" என்று மடக்குவார். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணுக்குக் கோபம் வருமா?" என்று கேட்டபோது, "இதுவரைக்கும் என் கவனத்துக்கு வரல, அதனால இல்லன்னு சொல்ல முடியாது" என்று சொல்லி அவள் மானத்தை வாங்கினார். ஆஸ்பத்திரியில்கூட, வலி இல்லை என்று டாக்டர் எழுதிக்கொண்டதைப் பார்த்து, "நான் தெரியலன்னுதான் சொன்னேன்" என்று திருத்த வைத்தார். அந்த டாக்டர் வெளியே வந்து மகளிடம், "உங்கப்பா வாத்தியாரா?" என்று கேட்டார்.

அம்மா குழாயை மூடாமல் நின்றுகொண்டிருந்தாள். சட்டை நனையவில்லை, தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது. மகள் குழாயை மூடினாள்.

"சால்வைக் கதையச் சொல்ல வேணாம்னு சொல்லிடு," என்றாள் அம்மா.

"ஏம்மா? அது அப்பாவே சொல்ற கதைதான."

"அவர் சொல்றது எனக்காக ஜோடிச்ச கதை."

மகளுக்குப் புரியவில்லை. அம்மா முந்தானையால் கையைத் துடைத்தாள். கை ஈரமாகவே இல்லை.

"நாப்பத்தேழாவது ரூல். நகப்பூச்சுன்னா அசிடோன். அப்படித்தான் சொன்னேன். அசிடேட்டுக்குக் கூடாதுங்கறதச் சொல்லல. மறந்து போச்சுன்னு நினைக்காதே. வேணும்னுதான் விட்டேன்."

"வேணும்னா?"

"எல்லா ரூலும் முடிஞ்சு போச்சு பாப்பா. இனிமே கீழ வரமாட்டார்னு தெரிஞ்சு போச்சு. ஒன்ன விட்டு வெச்சா, ரெண்டு நாள் கழிச்சுப் போன் பண்ணி, 'ஒன்னு விட்டுப்போச்சு, வாங்க'ன்னு கூப்பிடலாம்னு நினைச்சேன்." அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "போனைக் கையில எடுத்தேன், வெச்சேன். எடுத்தேன், வெச்சேன். முப்பத்தோரு வயசு எனக்கு. இருபது வயசுக்காரி மாதிரி போனையே சுத்திகிட்டிருந்தேன். அதுக்குள்ள அந்தக் கமிட்டி வந்துடுச்சு. மேல ஓடினேன். கதவச் சாத்திட்டாங்க."

மகள் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். அசிடேட்டும் அசிடோனும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று வருடாவருடம் குழந்தைகளுக்குச் செய்து காட்டுகிறவள். அது தன் வீட்டில் இப்படி நடந்திருக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"மறுநாள் அவரே கீழ வந்தார். 'தப்பு என்னோடது, உங்க மேல ஒன்னும் இல்ல'ன்னார். நான் கேக்கவேயில்ல, அவரா சொன்னார். என்னைக் காப்பாத்தறாருன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. அப்புறம் அந்தத் 'தெரியாது'க்கும் 'இல்ல'க்கும் வித்தியாசங்கற கதை. அவர் அதச் சொல்லிச் சிரிக்கறப்பல்லாம் நான் எழுந்து உள்ள போயிடுவேன். முப்பத்தெட்டு வருஷம் என் தப்பத் தன் தலையில போட்டுகிட்டு சிரிச்சாரு அந்த மனுஷன்."

"நீ சொல்லவேயில்லையா?"

"போன வாரம் சொல்லலாம்னு பக்கத்துல போனேன். 'ஒன்னு சொல்லணும்'னேன். 'சொல்லு'ன்னார். எவ்வளவு நேரம் என் மூஞ்சியவே பாத்துகிட்டிருந்தார் தெரியுமா." அம்மா மூடிய குழாயைப் பார்த்தாள். "தண்ணி வேணுமான்னு கேட்டேன்."

அழுதாள். நேற்றிலிருந்து இப்போதுதான் அழுகிறாள். மகள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்பா போனதற்கு மட்டும் என்றால் தாங்கியிருப்பாள் என்று பட்டது. அம்மா தலையில் ஒரு மனிதனின் நின்றுபோன ஆராய்ச்சியும் இருந்தது.

"மாமாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ உக்காரு," என்று சொல்லிவிட்டு மகள் ஏணியை எடுத்துக்கொண்டு பரணுக்குப் போனாள். லிஸ்டிங்கை எங்காவது கண்காணாமல் வைத்துவிட்டுக் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம் என்பது அவள் எண்ணம்.

அட்டைப்பெட்டி கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. பச்சையும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட, இரண்டு ஓரமும் துளையிட்ட நீளத் தாள், மடிப்பு மடிப்பாக. அதன் பின்பக்கங்களில் அவள் சின்ன வயதில் வரைந்த வீடுகள், யானைகள், தலையைவிடக் கை பெரிதான அப்பாக்கள். வரைந்து அலுத்தால் திருப்பிப் போட்டு முன்பக்கம் படிப்பாள், ஒன்றும் புரியாது. சில வரிகளின் தலையில் மட்டும் சதவீதக் குறி இருக்கும். அது என்ன என்று ஒரு தடவை கேட்டிருக்கிறாள். "அந்தக் குறி போட்ட வரிய மெஷின் கண்டுக்காது. அப்படியே தாண்டிப் போயிடும்," என்றார் அப்பா. "அப்ப எதுக்கு எழுதறீங்க?" "மனுஷங்க படிக்க."

பரண் கட்டையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு மடிப்புகளைத் தள்ளினாள். நாற்பத்தைந்து. நாற்பத்தாறு.

நாற்பத்தேழின் ஒவ்வொரு வரியின் தலையிலும் சதவீதக் குறி இருந்தது.

அதற்குக் கீழே 47-அ என்று இன்னொரு விதி. ஓரத்தில் அப்பாவின் எறும்பு எழுத்து, பென்சிலில். அவள் ஒரு தடவை படித்தாள். ஏணியில் நின்றபடியே இன்னொரு தடவை படித்தாள். பிறகு தாளின் முதல் பக்கத்துக்குப் போய் மேல் மூலையில் அச்சாகியிருந்த தேதியைப் பார்த்தாள்.

"மாமா!" என்று அங்கிருந்தே கூப்பிட்டாள். "அந்தக் கமிட்டி வந்தது எந்தத் தேதி?"

"பதினெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. மறக்குமா? ஏன்?"

தாளில் அதே மாதம் ஏழாம் தேதி இருந்தது.

மாமா வந்து ஏணியடியில் நின்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவள் நீட்டிய பக்கத்தைப் படித்தார். அவர் உதடுகள் அசைந்தன. "இந்த நாப்பத்தேழ அவன் அப்பவே தூக்கிட்டானே," என்றார். "இந்த 47-அதான் ஓடினது. அசிடேட் இல்லன்னாதான் அசிடோன்னு அவனே சேர்த்தது. அதுலதான் மாட்டிகிட்டான். இது தெரிஞ்ச கதைதானே? அவன்தான் ஊர் பூரா சொன்னானே."

"அம்மா நம்பல மாமா."

மாமா தாளைக் கண்ணருகே கொண்டுபோய் ஓரத்துப் பென்சில் எழுத்தைப் பார்த்தார். அதை இப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாவி," என்றார். "என்கிட்டக்கூடச் சொல்லல. போ, அண்ணிகிட்ட குடு."

அம்மா பின்கட்டில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் சட்டை. மகள் தாளை அவள் முன் விரித்து, சதவீதக் குறிகளைத் தொட்டுக் காட்டினாள். "இந்த வரியெல்லாம் மெஷின் படிக்காதும்மா. உன்னோட ரூல் அன்னிக்கு ஓடவேயில்ல. பதினோரு நாள் முன்னாடியே அப்பா எடுத்துட்டார். சால்வை போனது அவர் சேர்த்ததுலதான்."

"என்ன சொல்ற?"

"ஓரத்துல எழுதியிருக்கார். படி."

அம்மா தாளை ஜன்னல் பக்கம் திருப்பினாள், சட்டையைத் திருப்பியதுபோலவே.

*47: நிபுணர் வேண்டுமென்றே விட்டிருக்கிறார். அசிடேட் சட்டையில் அசிடோன் தேய்த்து வந்த ஒருவரை முதல் நாளே கடை அதிரத் திட்டியவர் இதை மறக்க வாய்ப்பில்லை. 47-அ சேர்த்தேன். கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம். ஒன்னு விட்டுப்போச்சு என்று அவரே கூப்பிடுவார். அதுவரை காத்திருக்கவும்.*

அம்மா அந்த வரிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். மகள் அவள் முகத்தைப் பார்க்காமல் கொடியில் கிடந்த துண்டைப் பார்த்தாள். முன்னறையில் மாமா மூக்கைச் சிந்துவது கேட்டது.

"முதல் நாள் திட்டினதக்கூட எழுதி வெச்சிருக்கார்," என்றாள் அம்மா கடைசியில். "கடை அதிரவாம். அவ்வளவு சத்தமாவா கத்தினேன்?"

"தெரியலம்மா. நான் அப்ப இல்ல."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அது எங்கே அழுகையாக மாறியது என்று மகளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு எழுந்தாள். முகம் கழுவினாள். மணி பதினொன்றேகால்.

"மாமாகிட்ட சால்வைக் கதையச் சொல்லச் சொல்லு," என்றாள். "முழுசா சொல்லச் சொல்லு."

மேசையில் போர்வையை மடித்துப் போட்டு, இஸ்திரிப்பெட்டியை மாட்டினாள். சட்டையின் முதுகைத் தேய்த்தாள், காலரைத் தேய்த்தாள், ஒரு கையைத் தேய்த்தாள். கறை இருந்த கைக்கு வந்ததும் நின்றாள். கறையின் மேல் இஸ்திரிப்பெட்டி படக்கூடாது, பட்டால் சூட்டில் இறுகி ஆயுசுக்கும் போகாது. இது இருநூற்றுப் பன்னிரண்டில் முதலாவது; மகளுக்கு எழுதப் படிக்கத் தெரியும் முன்பே தெரிந்தது.

"அம்மா, கறை," என்றாள்.

"இருக்கட்டும்," என்றாள் அம்மா. அழுத்தி, இரண்டு தடவை தேய்த்தாள்.

ஆஸ்பத்திரிக் குமாஸ்தா கூண்டுக்குள் உட்கார்ந்து படிவத்தில் எதையோ நிரப்பிக்கொண்டிருந்தார். மணி பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. மகள் துணிப் பையை ஜன்னல் வழியாக நீட்டினாள். அவர் வாங்கி, உள்ளே பார்த்து, சட்டை ஒன்று, கால்சட்டை ஒன்று என்று எழுதினார்.

"நாங்களே போட்டு ரெடி பண்ணிடுவோம். நீங்க மூணு மணிக்கு வந்தாப் போதும்," என்றார்.

"நான் கொஞ்சம் உள்ள போகணும்," என்றாள் அம்மா.

"நேத்துதான் பாத்துட்டுப் போனீங்களேம்மா."

"பாத்தேன்," என்றாள் அம்மா. "ஒன்னு விட்டுப்போச்சு."

குமாஸ்தா அவளையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார். அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு, தலையைத் தடவிக்கொண்டு உள்ளே போனாள். கதவின் மேல்பாதியில் கண்ணாடி இருந்தது. ஓரத்தில் கிடந்த இரும்பு முக்காலியை அவள் இழுத்து, அப்பாவின் தலைமாட்டில் போட்டு உட்காருவது மகளுக்குத் தெரிந்தது. குனிந்து பேச ஆரம்பித்தாள்.

"பன்னெண்டரைக்கு நான் சாப்பிடப் போகணும்," என்றார் குமாஸ்தா. "அதுக்குள்ள முடிச்சுடுவாங்களா?"

"தெரியல," என்றாள் மகள்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அவளுக்கு ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.